விடத் தெரியாத பிரேக்கும் என்ற மாப்ளயும்

மாப்ள, உங்க வண்டி வர்றது எனக்குக் கண்ணுல தெரியறதுக்கு முன்னாலயே மூக்குல தெரிஞ்சு போயிருதுங்க. நேத்துப் பொழுதோட கருகல் வாசம் அடிச்சதும், யாரோ அடுப்புல சோத்தைத் தீச்சுப்போட்டாங்கன்னு உங்கத்தை பொடக்காளி வரைக்கும் போய் மோந்து பார்த்துட்டு வந்தா. பார்த்தா நீங்க! வால்பாறையிலிருந்து நாப்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, முன்சக்கரத்துல புகையோட வந்து நிக்கறீங்க. சாயங்காலம் சாம்பிராணி செலவு மிச்சம்னு அவளும் உள்ள போயிட்டா.

நீங்க நெம்பக் கெட்டிக்காரருங்க. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. பைக்கோட பின்சக்கரத்தைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு, ரெண்டு சக்கரத்துக்கு ஒரு ஆக்ஸில், அதுக்கு மேல இரும்புத் தொட்டி, தொட்டி நெறைய எளநி. கேட்டா, "மாமா, இது ட்ரைக்"குங்கறீங்க. இருக்கட்டுங்க. அமெரிக்காவுல ஹார்லி டேவிட்சன்காரன்கூட 2009 மாடல்ல ட்ரை க்ளைடுன்னு மூணு சக்கர வண்டியைக் கம்பெனியிலிருந்தே இறக்குனான். ஆனா கம்பெனிக்காரன் சக்கரம், சட்டம், பிரேக்கு எல்லாத்தையும் ஒட்டுக்கா கணக்குப் போட்டுத்தான் வெளிய விடுவான். நீங்க சக்கரத்தை வெல்டிங் பட்டறையில உட்டீங்க, பிரேக்கைக் கடவுள்கிட்ட உட்டுட்டீங்க. ஆர்.சி. புத்தகத்துல இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 1988ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவு ஒண்ணு இருக்குது. அதைப் பத்தி நான் பழமை பேச வரலீங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரங்க உங்ககிட்ட அதை வெவரமாப் பேசுவாங்க, ரசீதும் குடுப்பாங்க.

நான் பேச வந்தது பிரேக்கைப் பத்தி. பிரேக்குன்னா புடிக்கற சாமான்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. புடிக்கறது அதோட பாதி வேலைதானுங்க. விடறது மீதி வேலை. ஊட்டுக்கு வர்ற ஒரம்பரை மாதிரி, வந்தாங்களா, சாப்பிட்டாங்களா, போனாங்களான்னு இருக்கோணும். போகாம திண்ணையிலயே பாயை விரிச்சா ஊடு சூடாகுமா இல்லையா? அதுதான் உங்க முன்சக்கரத்துல நடக்குது. புடிக்குதான்னு தெனமும் பாத்தீங்க. விடுதான்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?

பாக்கலீங்க. ஆனா வைத்தியம் மட்டும் வகைவகையாப் பண்ணியிருக்கீங்க. கொதிக்கற டிஸ்க் மேல ஒரு கொடம் பச்சைத்தண்ணி ஊத்துனீங்களாமே? நல்ல காரியம். இதுவரைக்கும் நேரா இருந்த டிஸ்க் இனிமே கோணுனாலும் கோணும், வெடிச்சாலும் வெடிக்கும். பொறவு புது பேட் போட்டீங்க. புதுசு மொத்தமா இருக்குமில்ல, பழசை விட இன்னும் நல்லா ஒரசுச்சு. அந்தப் பேட் போடறதுக்கு முன்னாலயே டப்பாவுல பிரேக் ஆயிலை வேற நெப்பி வெச்சிருந்தீங்க. கடைசியா, காலிபர் பின்னுல ஆக்ஸில் கிரீஸை அப்பி உட்டீங்க. நாலு வைத்தியத்துல மூணு, வியாதியை வளக்கற வைத்தியம். கெட்டிக்காரருன்னு நான் சும்மாவா சொன்னேன்?

சரி, சித்தெ நேரம் உக்காருங்க. விடாம புடிச்சுக்கிட்டிருக்கறது யாருன்னு வரிசையாப் பாக்கலாம்.

முதல் குத்தவாளி நீங்கதானுங்க. கோவிச்சுக்காதீங்க. பைக் ஓட்டுன காலத்துலயிருந்து லீவர் மேல ரெண்டு வெரலைப் போட்டுக்கிட்டு ஓட்டறது உங்க வழக்கம். பைக்குல அது பாதகமில்லீங்க. பைக்கு சாய்ஞ்சு திரும்பும், கைக்கு வேலை கம்மி. மூணு சக்கரம் சாயாதுங்க. வளைவுல கைப்பிடியைப் புடிச்சு இழுத்துத்தான் திருப்போணும். நீங்க கைப்பிடியை இழுக்கறப்ப அந்த ரெண்டு வெரலும் லீவரையும் சேத்து இழுக்குது. நாப்பது வளைவுல நாப்பது தடவை உங்களுக்கே தெரியாம பிரேக் புடிச்சிருக்கீங்க. வெரலை எடுத்துட்டு, முன் பிரேக்கைத் தொடாம ஒரு ரெண்டு கிலோமீட்டர் சமதரையில ஓட்டிப் பாருங்க. பொறவு நின்னு டிஸ்க் மேல ஒரு சொட்டுத் தண்ணி தெளிங்க. 'சுர்'ருங்கலீன்னா வண்டியில குத்தமில்லை, கையில குத்தம். வெரலை வெச்சுத் தொட்டுப் பாக்காதீங்க. உங்களுக்கு அந்த ஆசையும் வரும்னு எனக்குத் தெரியும்.

அப்பவும் சுட்டா, லீவருக்கு வாங்க. லீவரைத் தொட்டா முதல்ல கொஞ்சம் சும்மா ஆடோணும். அந்த வெத்தாட்டம் முடிஞ்ச பொறவுதான் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளோணும். உங்க லீவர்ல அந்த ஆட்டத்தைக் காணோமுங்க. செவப்புக் கலர்ல பளபளன்னு ஒரு லீவர் வாங்கி மாட்டியிருக்கீங்களே, அதோட மூக்கு கொஞ்சம் நீளமா இருந்தாப் போதும். நீங்க கையை எடுத்தாலும் அது பிஸ்டனை மயிரளவு தள்ளிக்கிட்டேதான் நிக்கும். சரிபண்ற திருகு இருந்தா அதைத் திருப்பி ஆட்டம் வரவழையுங்க. இல்லைன்னா கம்பெனி லீவரைத் திரும்ப மாட்டுங்க. செவப்பு லீவரைப் பாத்து எளநி வாங்க யாரும் வர்றதில்லீங்க. லீவர் ஆடற போல்ட்டும் மண்ணு புடிச்சு எறுகியிருந்தா துடைச்சு, துளி கிரீஸ் வைங்க.

மயிரளவுக்கு என்ன அம்புட்டுக் கவலைன்னு கேக்கறீங்க. அங்கதான் சங்கதியே இருக்குது. மாஸ்டர் சிலிண்டருக்கும் மேல இருக்கற ஆயில் டப்பாவுக்கும் நடுவுல ரெண்டு ஓட்டை. ஒண்ணு பெருசு. இன்னொண்ணு ஊசி நொழையற அளவு. நீங்க லீவரை விட்டதும் பிஸ்டன் முழுசாப் பின்னால வந்து அந்தச் சின்ன ஓட்டையைத் தொறந்து உடோணும். சூட்டுல பிரேக் ஆயில் விரியுமில்லீங்க, விரிஞ்சது அந்த வழியாத்தான் டப்பாவுக்குத் திரும்பும். லீவர் மூக்கு பிஸ்டனைத் தள்ளிக்கிட்டு நின்னாலும் சரி, பழைய ஆயில் கசடு ஓட்டையை அடைச்சாலும் சரி, ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. எங்க போகும்? கீழ இருக்கற பேடைத்தான் தள்ளும். பேட் ஒரசும், சூடு ஏறும், ஆயில் இன்னும் விரியும், பேட் இன்னும் நெருக்கும். நீங்க கையே வெக்காம வண்டி தானா பிரேக் புடிக்கும். ஓடஓட லீவர் கல்லா எறுகி, நிறுத்தி ஆற உட்டா பழையபடி சக்கரம் லேசாச் சுத்துதுன்னு சொன்னீங்க பாருங்க, அது இந்த வியாதியோட அச்சு அசல் அடையாளம்.

ஓட்டை தொறந்திருக்குதான்னு பாக்கறதும் பெரிய வித்தையில்லீங்க. டப்பா மூடியைத் தொறந்து, லீவரை நெம்ப மெதுவா ஒரு நூலளவு அமுக்குங்க. ஆயில் மேல சின்னதா ஒரு குமிழ் கெளம்புச்சுன்னா வழி இருக்குது. ஒண்ணுமே அசையலைன்னா அடைப்பு. மூஞ்சியை டப்பாவுக்கு நேரா நீட்டிக்கிட்டு அமுக்காதீங்க; பிரேக் ஆயில் கண்ணுக்கு ஆகாது, பெயின்ட்டுக்கும் ஆகாது. அடைப்பு இருந்தா சிலிண்டரைப் பிரிச்சுக் கழுவி புது கிட் போடோணும். டிரில் பிட்டை வெச்சு ஓட்டையைப் பெருசு பண்றேன்னு கெளம்பிராதீங்க. ஓட்டை பெருசானா பிரேக் சரியா புடிக்காது. அப்ப நீங்க கீழ வர்றதுக்கு முப்பத்தொம்பது வளைவே போதுமாயிரும்.

இது உங்க பட்டறைக்கு மட்டும் வந்த வியாதின்னு வருத்தப்படாதீங்க. ஹோண்டாவோட கோல்ட்விங் வண்டி இருக்குதே, வெளிநாட்டுல மூணு சக்கரமா மாத்தறதுக்கு நெம்பப் பேர் விரும்பி எடுக்கறது அதைத்தான். அதுல ஒரு பக்கம் பிரேக் புடிச்சா மறுபக்கமும் சேந்து புடிக்கறதுக்காக, முன்னால இடது காலிபர்கிட்ட இன்னொரு சின்ன மாஸ்டர் சிலிண்டர் வெச்சிருந்தாங்க. அது சரியா விடாமப் போனா பின் பிரேக் ஒரசிக்கிட்டே இருக்கும், தீப்புடிக்கக்கூட இடமிருக்குதுன்னு சொல்லி, 2011ல அமெரிக்காவுல லட்சத்துக்கும் மேல வண்டிகளைக் கம்பெனி திருப்பிக் கூப்பிட்டுச்சு. அவிக வண்டி அவிக ஊர்ல புகைஞ்சுச்சு, உங்க வண்டி மலையடிவாரம் ஆழியாத்துல புகையுது. காரணம் ஒண்ணுதான்: ஆயிலுக்குத் திரும்பற வழி இல்லை.

டப்பாவை நெப்புனீங்களே, அதுவும் இதே கதைதானுங்க. ஆயில் மட்டம் கொறைஞ்சதைப் பாத்து ஒழுகிருச்சுன்னு நெனச்சீங்க. ஒழுகலை. பேட் தேய்ஞ்ச அளவுக்குப் பிஸ்டன் வெளிய வந்துச்சு, அந்த எடத்தை அடைக்க ஆயில் கீழ எறங்குச்சு. நீங்க மேல ஊத்தி மட்டத்தைச் சரிக்கட்டுனீங்க. பொறவு புது பேட் போடறதுக்குப் பிஸ்டனை உள்ள தள்ளுனீங்க. கீழ போன ஆயில் பூரா மேல வந்து மூடியை முட்டிக்கிட்டு நிக்குது. விரியறதுக்கு எடமே இல்லை. ஒரு சிரிஞ்சை வெச்சு மேல்கோட்டுக்குக் கீழ வர்ற வரைக்கும் உறிஞ்சி எடுங்க. சும்மா கெடைச்ச சாமான்னு அதை மறுபடியும் புட்டியில ஊத்தி வெக்காதீங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் சக்கரம் எறுகுதுன்னா, ஒரு கட்டப் பஞ்சாயத்து இருக்குது. சக்கரம் எறுகி நிக்கறப்பவே பண்ணோணும், ஆறுன பொறவு பண்ணிப் பிரயோசனமில்லை. பின்சக்கரம் ரெண்டுக்கும் கல்லு வெச்சு, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்க. கையுறை, கண்ணாடி போட்டுக்குங்க. முதல்ல மேல மாஸ்டர் சிலிண்டர்ல ஓஸ் சேர்ற போல்ட்டைத் துணியைச் சுத்திக்கிட்டு சித்தெ தளத்துங்க. உடனே சக்கரம் லேசாச் சுத்துச்சுன்னா குத்தம் மேல, மாஸ்டர் சிலிண்டர்ல. சுத்தலைன்னா அதை முறுக்கிட்டு, கீழ காலிபர்ல ஏர் எடுக்கற நிப்பிளுக்கு ஒரு டியூப் மாட்டித் தொறங்க. அப்பச் சுத்துச்சுன்னா நடுவுல இருக்கற ஓஸ்தான் திருடன். வெளிய பாக்கறதுக்கு நல்லா இருக்கும். உள்ள ரப்பர் உப்பி, போற ஆயிலை உட்டுட்டு வர்ற ஆயிலை மறிக்கும். நிப்பிளைத் தொறந்தும் சக்கரம் அசையலைன்னா, ஆயில் மேல பழி போடாதீங்க. காலிபரே எறுகிக் கெடக்குது. எது எப்படியோ, முடிச்ச பொறவு தாமிர வாஷர் புதுசு போட்டு முழுசா ஏர் எடுத்துட்டுத்தான் ரோட்டுக்குப் போகோணும்.

காலிபரைப் பத்தி உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன். புடிச்ச பிஸ்டனைப் பின்னால இழுக்கறதுக்கு உள்ள ஸ்பிரிங் எதுவும் கெடையாதுங்க. பிஸ்டனைச் சுத்தி சதுரமா வெட்டுன ஒரு ரப்பர் சீல் இருக்குது. பிஸ்டன் முன்னால போறப்ப அந்த ரப்பர் சித்தெ முறுக்கிக்கிட்டுக் கூடவே வளையும். நீங்க லீவரை உட்டதும் அது நிமிரும், நிமிர்றப்ப பிஸ்டனை மயிரளவு பின்னால இழுத்துக்கும். விடற வேலை மொத்தமும் அந்த ரப்பர் தலையிலதான். பிஸ்டன் துருப்புடிச்சிருந்தா, சீல் உக்கார்ற பள்ளத்துல கசடு சேந்திருந்தா, பாவம் அது எங்கிட்டு இழுக்கும்? பிரிச்சுக் கழுவி சீலை மாத்துங்க. பிஸ்டன்ல துரு குழி போட்டிருந்தா எமரி பேப்பரைத் தேடாதீங்க, பிஸ்டனையே மாத்துங்க.

பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எதுவும் அந்த ரப்பர்கிட்ட வரக்கூடாது, பட்டா உப்பிரும். நீங்க அப்புன ஆக்ஸில் கிரீஸும் அந்தச் சாதிதான். காலிபர் இப்படியும் அப்படியும் நகர்ற பின்னுக்குன்னு சிலிக்கான் பிரேக் கிரீஸ் கடையில தனியா விக்குதுங்க, அதைத் துளியூண்டு தடவுனாப் போதும். பின் எறுகியிருக்குதான்னு தெரிஞ்சுக்க ஜோசியம் வேண்டாம். ரெண்டு பேடையும் கழட்டிப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணு தேய்ஞ்சு தகடாகி, இன்னொண்ணு குத்துக்கல்லா இருந்தா பின் நகரலைன்னு அர்த்தம்.

போன மாசம் பஞ்சர் ஒட்டறதுக்கு முன்சக்கரத்தைக் கழட்டுனீங்கல்ல? அதுக்குப் பொறவுதான் இந்த வாசம் அதிகமாச்சுன்னு உங்கத்தை சொல்றா. அவ மூக்குக்கு நான் மரியாதை குடுக்கறவன். ஆக்ஸிலை முறுக்குன பொறவு, ஃபோர்க் அடியில அதைக் கவ்வற போல்ட்டை முறுக்கறதுக்கு முன்னால, கைப்பிடியைப் புடிச்சு ஃபோர்க்கை நாலஞ்சு தடவை நல்லா அமுக்கி விடோணும். அப்பத்தான் ஃபோர்க் கால் ரெண்டும் தன் எடத்துல உக்காரும். அமுக்காம முறுக்குனா கால் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, காலிபரும் டிஸ்க்கும் கோணலா நிக்கும். டிஸ்க் கோணலை அளக்கற டயல் கேஜ் லேத்துப் பட்டறையில இருக்கும். பல வண்டிகளுக்கு 0.3 மில்லிமீட்டருக்கு மேல போனா டிஸ்க்கை மாத்தச் சொல்றாங்க. சக்கர பேரிங் ஆடுதான்னும் அப்படியே பாத்துருங்க. டிஸ்க்கை உட்டுட்டு நடுக்குடம் மட்டும் சுட்டா, அது பிரேக் வியாதி இல்லை, பேரிங் வியாதி.

இப்ப வாங்க, பின்னால. முன் பிரேக் இம்புட்டு வேகறதுக்குப் பின்னால இருக்கற ரெண்டு டிரம்மும் ஒரு காரணம். மாட்டுன நாளுலயிருந்து ராடைத் திருகிச் சரிபண்ணவே இல்லையாமே. கால் பிரேக்கை மிதிச்சா ரெண்டு டிரம்மும் பொட்டாட்டம் இருக்குது. அவங்க வேலையையும் முன்னால இருக்கற ஒத்த டிஸ்க்கு பாக்குது. அந்த டிஸ்க்கு, ரெண்டு பேர் உக்காந்தா முன்னூறு கிலோவுக்குள்ள நிக்கற வண்டிக்குச் செஞ்சது. நீங்க வண்டி, எளநி, உங்க தொப்பை எல்லாம் சேத்து ஐந்நூறு கிலோ ஏத்தறீங்க. ஐந்நூறு கிலோ எழுநூறு மீட்டர் உசரம் இறங்குனா எம்புட்டுச் சூடு வரும் தெரியுங்களா? பத்து லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதி வர வெக்கற சூடு. அதுல எஞ்சினும் காத்தும் வாங்கிக்கிட்டது போக மீதி பூரா பிரேக் தலையில. நீங்க நியூட்ரல்ல வேற இறங்கறீங்க, பெட்ரோல் மிச்சம்னு. எஞ்சின் வாங்கிக்க வேண்டியதையும் டிஸ்க்குக்கே எழுதி வெச்சுட்டீங்க. பெரிய மனசு.

சூடு ஏறுனா கருகல் வாசத்தோட முடிஞ்சுராதுங்க. டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும். ஆனா அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். 3.7 சதவீதம் தண்ணி சேந்தாப் போதும், 155 டிகிரியிலயே கொதிச்சிரலாம். கொதிச்சா ஆவி. ஆயிலை அமுக்குனா பேடைத் தள்ளும், ஆவியை அமுக்குனா அமுங்கிக்கிட்டே போகும். லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிக்காது. விடாமப் புடிச்ச பிரேக்கு கடைசியில புடிக்காமயே போற கதை இதுதானுங்க. அதனால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயிலை மாத்துங்க. டப்பா மூடியில என்ன நம்பர் போட்டிருக்குதோ அதையே ஊத்துங்க. கட்டிலுக்கடியில மூடி தொறந்து கெடக்குதே ஒரு புட்டி, உங்க கண்ணாலத்துக்கு முன்னால வாங்குனது, அதை எடுத்துக்கிட்டு வந்துராதீங்க.

இனி மலை இறங்கற முறை. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பிரேக்கை லேசாத் தொட்டுக்கிட்டே வராம, அழுத்திப் புடிச்சு வேகத்தைக் கொறைச்சுட்டு முழுசா விடுங்க. விட்ட நேரத்துல காத்து பட்டு டிஸ்க்கு ஆறிக்கும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேத்துப் புடிங்க. பாதி வழியில ரோட்டோரம் வரையாடு நிக்குமில்லீங்க, அதைப் பாக்கற சாக்குல பத்து நிமிசம் வண்டியை ஓரங்கட்டுங்க. நின்ன எடத்துல லீவரை அமுக்கிப் புடிச்சுக்கிட்டிருக்காதீங்க. சக்கரத்துக்குக் கல்லு வைங்க. லீவர் மெத்துமெத்துன்னு ஆச்சுன்னா அதுக்கு மேல ஒரு வளைவுகூட இறங்காதீங்க. ஆறட்டும், ஆறுனாலும் அந்த ஆயிலை நம்பி ஊர் வரைக்கும் வராதீங்க, வேற வண்டியைக் கூப்பிடுங்க.

கடைசியா ஒரு வார்த்தை. நேத்து வால்பாறையில மழைன்னு எளநி விக்கலைன்னீங்க. மேலயே பாதி வெலைக்கு உட்டுட்டு வந்திருக்கலாம். ஒத்த ரூவா கொறைக்க மாட்டேன்னு மொத்தச் சரக்கையும் கீழ சொமந்துக்கிட்டு வந்து, அந்த எடைக்கு ஒரு செட் பேடையும் ஒரு டிஸ்க்கையும் எரிச்சிருக்கீங்க. ஓட்டறவருக்கே விட மனசு வரலை, வண்டி எப்படிங்க விடும்?

போய் லீவரைக் கழட்டுங்க. அதுக்கு முன்னால தொட்டியிலிருந்து ஒரு பத்து எளநியை இந்தத் திண்ணையில இறக்கி வெச்சுட்டுப் போங்க. கூலியெல்லாம் இல்லீங்க மாப்ள. வண்டியில எடை கொறையோணுமில்ல!